சுருட்டை எங்கிருந்து வந்தது

ரேணுகாம்பாளுக்குப் பத்தொன்பது வயது நடந்தபோது அவளை ஒரு போட்டோ எடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப வேண்டிய போட்டோ. திருவண்ணாமலை சின்னக்கடைத் தெருப் பக்கம் நூருல்லா பாய் வைத்திருந்த ஸ்டுடியோவில், வெளிர்நிறத் திரைச்சீலைக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து எடுத்தது. 1977-ம் வருஷம், ஆவணி மாதம். மூன்று நாள் கழித்து உறையைப் பிரித்த அம்மா பச்சையம்மாள், "லட்சணமா வந்திருக்குதுடி" என்று சொல்லிப் போட்டோவுக்கே திருஷ்டி கழித்தாள்.

ரேணு வாங்கிப் பார்த்தாள். முகம் அவளுடையதுதான். கழுத்தில் இருந்த பாசிமணியும் அவளுடையதுதான். தலைமுடி மட்டும் வேறு யாருடையதோ.

அவள் முடியைத் தெருவில் அறியாதவர் கிடையாது. ஒவ்வொரு மயிரும் பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருக்கும். இழுத்தால் இடுப்பு வரை வரும். விட்டால் தோளுக்கு மேலே ஏறிக்கொள்ளும். பள்ளிக்கூட நாட்களில் அம்மா தினமும் விளக்கெண்ணெய் ஊற்றி, முழங்காலுக்கு நடுவே அவளை உட்காரவைத்து, மரச்சீப்பால் இழுத்து வாரி இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டி அனுப்புவாள். முதல் பீரியட் முடிவதற்குள் நெற்றியிலும் காதோரத்திலும் முடி எழுந்து நின்றுவிடும். வருஷத்துக்கு ஏழெட்டுச் சீப்பு பல் உடைந்தது. 'பரட்டை' என்பது வகுப்பில் அவளுக்கு வருகைப்பதிவேட்டில் இல்லாத பெயர்.

மொட்டை போட்டால் அடுத்தது நேராக வளரும் என்று யாரோ சொல்ல, ஒரு வயதில், ஐந்து வயதில், எட்டு வயதில் என்று மூன்று முறை கோயிலில் முடி கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் முன்னைவிட மும்முரமாகச் சுருண்டு வந்தது.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. பச்சையம்மாளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும், வழுக்கிக்கொண்டு போகும் நேர்முடி. அப்பா இராமலிங்கம் ரைஸ்மில்லில் வேலை செய்தவர். தவிடு ஒட்டாமல் இருக்க எப்போதும் ஒட்ட வெட்டிய கிராப்பு. "இது யாரைக் கொண்டு பொறந்துச்சு, பச்சை?" என்று தண்ணீர்க் குழாயடியில் கேட்பார்கள். கேட்கிற குரலிலேயே ஒரு சிரிப்பு இருக்கும். பச்சையம்மாளும் கூடச் சிரித்துவிட்டு வருவாள். அன்றைக்குச் சீப்பு கொஞ்சம் ஜாஸ்தியாக இழுக்கும்.

சின்ன வயதில் ரேணு அழுதிருக்கிறாள். பிறகு அழுகை போய் ஆச்சரியம் வந்துவிட்டது. ஒரே எண்ணெய், ஒரே சீயக்காய், ஒரே கிணற்றுத் தண்ணீர். அம்மாவுக்கு நேராகவும் தனக்குச் சுருளாகவும் எப்படி வளர்கிறது? உதிர்ந்த முடி ஒன்றை எடுத்து நேராக இழுப்பாள், விடுவாள், அது சுருண்டு பழைய இடத்துக்கு ஓடுவதைப் பார்ப்பாள். அம்மாவின் முடி ஒன்றையும் தன் முடி ஒன்றையும் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காலையில் எடுத்துப் பார்த்திருக்கிறாள். இரண்டும் இருந்தபடியே இருந்தன. எட்டாம் வகுப்பில் சயின்ஸ் சாரிடம் கேட்டதற்கு, "பரீட்சைக்கு வராது, உக்காரு" என்றார்.

அப்படிப்பட்டவள் கையில்தான் அந்தப் போட்டோ வந்து சேர்ந்தது. மறுநாளே அதை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போய் நின்றாள்.

"பாய், என் முடிய இன்னா பண்ணீங்க?"

நூருல்லா பாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. "நல்லாத்தானேமா வந்திருக்குது?"

"நல்லா இருக்குதுங்க. எப்படிப் பண்ணீங்கன்னு கேக்குறேன்."

இருபது வருஷத் தொழிலில் இப்படி யாரும் கேட்டதில்லை. அவர் பின்னால் தொங்கிய திரையைக் காட்டி, "உள்ள போய்க் கேளு. நான் படம் புடிக்கிறவன், அவ்ளோதான்" என்றார்.

உள்ளே அவர் மனைவி முன்னி பேகம் சாய்வான ஒரு கண்ணாடிப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பலகைக்குக் கீழே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, ஜன்னல் வெளிச்சத்தை மேலே திருப்பிவிட்டுக்கொண்டிருந்தது. பலகையின் நடுவே ஒரு நெகட்டிவ். கையில் ஊசி மாதிரி சீவிய பென்சில். அம்மைத் தழும்பு, மூக்குத்திப் பளபளப்பு, தூங்காத கண்ணின் கருவளையம் எல்லாவற்றையும் அவர்தான் எடுத்துவிடுவார். அந்த வேலைக்கு ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருந்த பெயர் டச்சிங்.

"நீயா அந்தப் பொண்ணு?" என்று நிமிர்ந்தார். "உன் தலைக்கு மட்டும் ஒண்ணரை நாளு ஆச்சு. கண்ணே பூத்துப் போச்சு எனக்கு."

நெகட்டிவில் கறுப்பு முடி வெள்ளையாகத் தெரியும் என்பதை ரேணு அன்றுதான் பார்த்தாள். அவளுடைய தலையைச் சுற்றி நூற்றுக்கணக்கான வெள்ளைச் சுழிகள். திரைச்சீலைப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த ஒவ்வொரு சுழியின் மேலும் பென்சிலால் மெல்ல மெல்லத் தடவினால், பிரிண்ட் போடும்போது அது திரைச்சீலையோடு கலந்து காணாமல் போய்விடும். முன்னி பேகம் ஒவ்வொன்றாக அழித்திருந்தார்.

"நான் ஒண்ணு போட்டுப் பாக்கட்டுமாக்கா?"

முன்னி பேகத்துக்கு அப்போது ஏழாம் மாசம். குனிந்து உட்காருவது சிரமமாக இருந்தது. பழைய நெகட்டிவ் ஒன்றைக் கொடுத்துப் பென்சிலையும் கொடுத்தார். அரை மணி நேரம் ரேணு தலை தூக்கவில்லை. பாய் டீ வாங்கிவந்து வைத்துவிட்டுப் போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் அந்த மாதக் கடைசியில் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா போட்டோவைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். போட்டோவைப் பார்த்தாள், பெண்ணின் தலையைப் பார்த்தாள், மறுபடி போட்டோவைப் பார்த்தாள். எண்ணெயையும் கொண்டைஊசியையும் மீறி நெற்றியில் நாலு சுருள் அதற்குள் எழுந்துவிட்டிருந்தன. கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு, லெட்டர் போடுகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். ரேணு அடுத்த திங்கட்கிழமையிலிருந்து ஸ்டுடியோவுக்கு வேலைக்குப் போனாள். பெண்பிள்ளைகளைப் படம் எடுக்க வரும் வீட்டாருக்கு உள்ளே ஒரு பெண் இருப்பது சௌகரியமாக இருந்தது. இராமலிங்கமும் சரி என்றுவிட்டார்.

முன்னி பேகத்தின் மூன்றாவது குழந்தை பிறந்து தவழ ஆரம்பித்த வருஷம், கார்த்திகை மாதத்தில் ஒருநாள் பிடித்துக்கொண்ட மழையில் ரேணு தொப்பலாக நனைந்து ஸ்டுடியோவுக்குள் ஓடிவந்தாள். சடை ஊறிக் கனத்தது. பிரித்துவிட்டாள். எண்ணெய் ஓடிப்போயிருந்தது, சீப்பு வீட்டில் இருந்தது, அவசர பிரிண்ட் மூன்று காத்திருந்தது. அப்படியே உட்கார்ந்து வேலையைப் பார்த்தாள். பத்தரை மணிக்கு உட்கார்ந்தவள் ஒரு மணி வரை தலையைத் தொடவில்லை.

சாப்பாட்டு அடுக்கோடு உள்ளே வந்த முன்னி பேகம் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ரேணு, அசையாத."

"இன்னாக்கா? பூரானா?"

"அசையாதன்னு சொன்னேன்ல." அவர் திரையை விலக்கிக் கணவரைக் கூப்பிட்டார். "இங்க வாங்க. அந்தக் காமெராவ எடுத்துட்டு வாங்க."

பின்னாலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். சாயங்காலம் ஈரப் பிரிண்டைக் கிளிப்பில் மாட்டியபோதுதான் ரேணு தன் பின்தலையை முதன்முதலாகப் பார்த்தாள். பரட்டையைக் காணோம். கொத்துக்கொத்தாக, விரலில் சுற்றிவிட்ட மாதிரி, சுருள்கள் தோளில் இறங்கியிருந்தன. ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், தனித்தனியாக, பளபளவென்று.

"இதுவும் என்னுதுதானாக்கா?"

"பின்ன என்னுதா? டச்சிங் ஒரு கோடுகூடப் போடல."

அன்றைக்கு அவள் என்ன செய்தாள் என்பதைவிட என்ன செய்யவில்லை என்பதுதான் அவளைக் குடைந்தது. எண்ணெய் வைக்கவில்லை. துண்டால் முறுக்கவில்லை. சீவவில்லை. நெகட்டிவ் நம்பர் எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சீயக்காய் மட்டும் போட்டால் முடி சொரசொரப்பாகிச் சிக்குகிறது. அரிசிக் கஞ்சி நன்றாகத்தான் இருக்கிறது, மத்தியான வெயிலுக்குப் புளித்த வாடை வருகிறது. அன்று பாய் அரைநாள் மூக்கைச் சுளித்துக்கொண்டே இருந்தார். செம்பருத்தி இலை வழவழப்பு, ஆனால் துணுக்குகள் முடிக்குள் மாட்டிக்கொண்டு உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. ஊறவைத்து அரைத்த வெந்தயம்தான் சரிப்பட்டது. அதைத் தடவி, தலை ஈரமாக இருக்கும்போதே விரலால் நுனியிலிருந்து மேலாகச் சிக்கெடுத்து, பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்து விட்டுவிட வேண்டும். காய்ந்தபிறகு சீப்பே கூடாது. சீப்புதான் சுருளைப் பிய்த்துப் பரட்டையாக்கிக்கொண்டிருந்தது. பத்தொன்பது வருஷமாக அம்மா எதை மருந்து என்று நினைத்தாளோ அதுதான் நோயாக இருந்திருக்கிறது.

"நெகட்டிவ ஈரமா இருக்கும்போது தொடாதங்கறேன், உன் தலைய காஞ்சா தொடக்கூடாதாமே" என்று முன்னி பேகம் சிரித்தார்.

அம்மா லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "விரிச்சுப் போட்டுக்கினு சாமி வந்தவ மாதிரி தெருவுல போவியா?" ரேணு கழுத்துக்குக் கீழே ஒரு நூலால் தளரக் கட்டிக்கொண்டு போனாள். அதில் ஒரு லாபமும் கண்டுபிடித்தாள்: கனகாம்பரம் வைத்தால் ஊசியே வேண்டாம், சுருள் பிடித்துக்கொள்ளும். தெருவில் பேசினார்கள். பேசிப் பேசி அவர்களுக்கும் பழகிவிட்டது.

ஆனால் பழைய கேள்வி அப்படியே இருந்தது. இது எங்கிருந்து வந்தது?

1980 தை மாதத்தில் இராமலிங்கம் கீழ்பென்னாத்தூரில் தன் அண்ணன் வீட்டுப் பெட்டியிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்துவந்தார். செத்துப்போன தன் அப்பாவின் முகத்தை மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போட வேண்டும் என்பது அவர் ஆசை. 1942-ல் தீபத்துக்கு வந்த இடத்தில் எடுத்த குடும்பப் படம் அது. ஓரங்கள் அரித்து, நடுவில் மடிப்பு விழுந்து கிடந்தது. வலது மூலையில் ஒரு சிறுமி நின்றாள். அவள் தலையைச் சுற்றி வட்டமாக ஒரு கறை. பூஞ்சை பிடித்திருக்கிறது என்றார் நூருல்லா பாய்.

ரேணு லென்சை வைத்துப் பார்த்தாள். கறைக்குள் வட்டங்கள் இருந்தன. சின்னச் சின்ன வட்டங்கள், ஒன்றுக்குள் ஒன்று. பென்சிலால் அத்தனை வட்டங்களை அழித்துப் பழகிய கண்ணுக்கு அது பூஞ்சை இல்லை என்று தெரிந்துவிட்டது. தாத்தாவோடு சேர்த்து அந்த மூலையையும் பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

"இது யாருப்பா?"

இராமலிங்கம் சாப்பிட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார். "அக்காதான். வெள்ளையம்மா."

"மொட்டை அத்தையா!"

கீழ்பென்னாத்தூரில் வெள்ளையம்மாள் என்றால் நாலு பேருக்குத் தெரியாது. மொட்டையம்மா என்றால் ஊருக்கே தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு பௌர்ணமிக்கு மலை சுற்றி வந்து முடி கொடுப்பது அவள் வேண்டுதல். முப்பது வருஷமாக ஒரு தடவைகூடத் தவறியதில்லை. முந்தானையால் தலையை மூடிக்கொண்டு அவள் வந்தால் பெரியவர்கள்கூட எழுந்து நிற்பார்கள். அவளுக்கு முடி என்று ஒன்று இருந்ததை ரேணு யோசித்ததே இல்லை.

"அப்பா, உங்க முடி சின்ன வயசுல எப்படி இருந்துச்சு?"

"எனக்கா? எங்கப்பாரு மாசாமாசம் ஒட்ட வெட்டிவுட்டுடுவாரு. உட்டா சுத்திக்கும்னு சொல்லுவாரு."

சோறு போட்டுக்கொண்டிருந்த பச்சையம்மாள் கரண்டியோடு நின்றாள். "சுத்திக்குமா? உங்க வீட்டு முடியா இது?"

"இருக்கும்."

"இருபத்திரண்டு வருஷமா குழாயடியில ஒவ்வொருத்தியும் என்னப் பாத்து இளிச்சாளே, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"என்ன யாரும் கேக்கலையே" என்றார் இராமலிங்கம். அவர் பொய் சொல்லவில்லை. ஆண்பிள்ளையின் தலையைப் பார்த்து யாரும் கேட்டதில்லைதான். ஒரு வாரம் அவருக்குச் சாப்பாடு தட்டில் விழுந்தது, பேச்சு விழவில்லை. அடுத்த முறை குழாயடிக்குப் போனபோது பச்சையம்மாள் அந்தப் பிரிண்டைக் குடத்தோடு கொண்டுபோனாள்.

ஞாயிற்றுக்கிழமை ரேணு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினாள். அத்தை களத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். ரேணு பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் தானும் உரித்துவிட்டு, பிரிண்டை எடுத்துக் கொடுத்தாள்.

வெள்ளையம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள்.

"எம்மாங் கூடு பாரு, குருவிக்கூடு" என்றாள்.

"இத ஏன் அத்த வேணாம்னு வுட்டீங்க?"

கேள்வியை ரேணு கேட்ட விதத்தில் குற்றமும் இல்லை, பரிதாபமும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் இருந்தது. அதனால்தானோ என்னவோ அத்தை சொன்னாள்.

பதினாறு வயதில் கல்யாணம். மாமியார் வீட்டில் தினமும் இரண்டு நாத்தனார்கள் பிடித்துக்கொள்ள, மாமியார் சீவுவாள். சீவ முடியாத நாளில் கொத்தாகக் கத்தரிப்பாள். ஒரு மழைக்காலத்தில் இருபது நாள் காய்ச்சலில் படுத்து எழுந்தபோது முடி மொத்தமும் சிக்கிப் பாயாகிவிட்டது. அம்மன் சடை விழுந்திருக்கிறது என்றார்கள் சிலர். பீடை என்றார்கள் சிலர். கடைசியில் கோயிலுக்குக் கூட்டிவந்து மழித்தார்கள்.

"அன்னைக்கி தலையில காத்து பட்டுச்சு பாரு. அப்பாடான்னு இருந்துச்சு. வூட்டுக்கு வந்தேன், யாரும் என் தலையத் தொடல. திரும்ப வளர ஆரம்பிச்சதும் மாமியா சீப்ப எடுத்தா. நான் வேண்டுதல்னேன். சட்டுனு வாயில வந்துடுச்சு. சாமி பேரச் சொன்னா யாரு மறுத்துப் பேசுவா?"

"அப்ப வேண்டுதலே இல்லியா?"

"மொதல்ல இல்ல. அப்பால..." அத்தை ஒரு கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். "முப்பது வருஷம் நடந்து போய்க் குடுத்துட்டு, இல்லன்னும் எப்படிச் சொல்லுவேன்? எனக்கே தெரியலடி."

பிறகு அவள் ரேணுவின் முடியைப் பார்த்தாள். ஒரு சுருளைப் பிடித்து இழுத்து விட்டாள். அது துள்ளி ஏறியது. மறுபடி இழுத்து விட்டாள்.

"வலிக்கலியா?"

"சீப்பே வைக்கிறதில்ல அத்த. வெந்தயம் போட்டு வெரலால எடுக்குறேன்."

"வெந்தயமா?" என்று அத்தை கேட்டாள். எவ்வளவு ஊற வேண்டும், எப்படி அரைப்பது, ஜலதோஷம் பிடிக்காதா என்று வரிசையாகக் கேட்டாள். ரேணு எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டுத் தன் ஆசையையும் சொன்னாள்: என் முடியைப் பின்னாலிருந்து என்னால் பார்க்க முடியாது, இதே முடியை இன்னொரு தலையில் பார்க்க வேண்டும், ஒரு தடவை வளர்த்துக் காட்டுங்கள். அத்தை சிரித்தாள். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

அடுத்த வேண்டுதல் பௌர்ணமிக்கு அவள் மலை சுற்ற வந்தாள். முடி கொடுக்காமல் திரும்பிப் போனாள். ஊரில் கசமுசா என்று பேச்சு எழுந்தது. மொட்டையம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். சாமியோடு கோபம் என்றார்கள். அத்தையின் மாமியார் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது; மாமா எப்போதும் போல வயலுக்குப் போய்வந்தார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரேணு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவந்தாள். முதலில் ஆட்டுக்குட்டியின் முதுகு மாதிரி சின்னச் சின்னச் சுழிகளாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு வருஷத்தில் காதை மூடியது. நரையும் கறுப்புமாகக் கலந்து, தோளைத் தொட்டபோது, அவள் முந்தானையைத் தலைக்கு மேலே இழுப்பதையே மறந்துவிட்டிருந்தாள். கடலை உரிக்க வருகிற பெண்கள் கை நீட்டித் தொட்டுப் பார்ப்பார்கள். அத்தையே ஒரு சுருளை இழுத்து விட்டுக் காட்டுவாள்.

1982 கார்த்திகையில் தீபத்துக்கு நாலு நாள் முன்னால் அவள் ரேணு வீட்டுக்கு வந்து இறங்கினாள்.

"நாளைக்கி முடி குடுக்கப் போறேன். கூட வரியா?"

"ஏன் அத்த? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. இத்தினி நாளு எனக்கு வேணாங்கறதத்தான் அந்தாளுகிட்ட குடுத்துக்கினு இருந்தேன். குப்பையக் கொட்டற மாதிரி. இப்பத்தான் எனக்கே இது புடிச்சிருக்குது. இதக் குடுத்தாத்தான் குடுத்ததுன்னு அர்த்தம்."

மறுநாள் காலையில் மழிக்கிற இடத்தில் ரேணு பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு சுருளும் விழுவதைப் பார்த்தாள். லென்சில் வைத்துப் பார்க்க ஒன்றே ஒன்று எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். "கூடாது. எல்லாம் அவருக்குன்னு சொல்லிட்டேன்" என்றாள் அத்தை, கண்டிப்பாக. சந்தனம் பூசிய தலையோடு வெளியே வந்தவள் கொஞ்சம் அழுதாள். அதற்குப் பிறகு அவள் வேண்டுதல் என்ற பேச்சே எடுக்கவில்லை. முடி மறுபடி வளர்ந்தது, வளரவிட்டாள்.

ரேணுவுக்கு மறு வருஷம் கல்யாணம் ஆனது. இந்த முறை போட்டோவை அவளே பிரிண்ட் போட்டாள், பென்சில் படாத நெகட்டிவிலிருந்து. பார்க்க வந்த ஆதிமூலம் மின்வாரியத்தில் லைன்மேன். பெண்ணிடம் ஏதாவது கேள் என்று பெரியவர்கள் சொன்னபோது, அவர் வெகுநேரம் அவள் தலையையே பார்த்துவிட்டு, "இத எப்படிங்க சிக்கெடுப்பீங்க?" என்று கேட்டார். ரேணு சொல்ல ஆரம்பித்தாள். காபி ஆறிப்போனது.

1985-ல் ஒரு பெண் பிறந்தாள். பிறந்த அன்றே ரேணு அதன் தலையைத் தடவிப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. மூன்று வயதானபோது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துவிட்டது: வழுவழுவென்று, கோடு போட்ட மாதிரி நேர்முடி. விரலால் பிடித்தால் நழுவிற்று. ரிப்பன் கட்டினால் வழுக்கி விழுந்தது. வெந்தயம் போட்டால் பிசுக்காக ஒட்டிக்கொண்டது. ரேணுவுக்கு அதை என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஆளை அனுப்பி அம்மாவை வரச் சொன்னாள்.

பச்சையம்மாள் வந்து, பேத்தியை முழங்காலுக்கு நடுவே உட்காரவைத்து, சீப்பை வைத்தாள். அது நெற்றியிலிருந்து கழுத்து வரை ஒரே ஓட்டமாக ஓடியது. அவள் இன்னொரு முறை ஓட்டினாள். வேண்டியதற்கு மேலேயே ஓட்டினாள்.

"இப்படி நழுவுதே, சடை எப்படிம்மா நிக்குது?" என்று கேட்டு ரேணு பக்கத்தில் குந்தினாள்.

"இங்க பாரு, அடியில இறுக்கிப் புடிக்கணும்" என்றாள் பச்சையம்மாள்.